ஹெல்சிங்கோர்: முதலில் கடல், அப்புறம் கோட்டை

கோபன்ஹேகனுக்கு வரும் நம்மவர்களில் பலர் ஒரு நாள் ஒதுக்கி ஹெல்சிங்கோருக்கும் போய் வருகிறார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் நேரே குரோன்போர்க் கோட்டைக்கு நடை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் வரும் எல்சினோர் இதுதான் என்று வாசலில் நின்று ஒரு படம், உள்ளே ஒரு சுற்று, அடுத்த ரயிலில் திரும்பல். முதல்முறை நானும் அப்படித்தான் போனேன். கோட்டை அழகாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு சிறிய ஊரின் முனையில் இவ்வளவு பெரிய கோட்டையை எதற்காகக் கட்டினார்கள் என்று புரியவே இல்லை. அடுத்த முறை ஃபெர்ரியில் ஏறி நடுக்கடலில் இருந்து திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதனால், முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை வேறு.

காரணத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். பால்டிக் கடலுக்குள் போகும் கப்பல்களுக்கும் அங்கிருந்து வெளியே வரும் கப்பல்களுக்கும் முக்கியமான வழி ஓரெசுண்ட் நீரிணை. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே ஓடும் இந்த நீர் ஹெல்சிங்கோரில்தான் மிகவும் ஒடுங்குகிறது. அக்கரை வெறும் 4 கிலோமீட்டர். ஊரின் பெயரே 'கழுத்து' என்று பொருள்படும் பழைய சொல்லில் இருந்து வந்தது. அந்தக் கழுத்தில் உட்கார்ந்துகொண்டு டென்மார்க் அரசர்கள் 1429 முதல் 1857 வரை, போகிற வருகிற கப்பல்களிடம் சுங்கம் வாங்கினார்கள். நாம் பார்க்கப்போகும் கோட்டை, வணிகர் வீடுகள், மாலுமிகளுக்கான பழைய மருத்துவமனை எல்லாமே அந்தச் சுங்கச்சாவடியைச் சுற்றி முளைத்தவை. தண்ணீரைப் பார்க்காமல் கோட்டைக்குள் போனால் கதையின் முதல் பாதியைத் தவறவிட்ட மாதிரி.

புறப்படும் முன்

பெயர்க் குழப்பத்தில் மாட்டாதீர்கள். ஹெல்சிங்கோர் டென்மார்க்கில் இருக்கிறது. ஹெல்சிங்போர்க் அதன் நேர் எதிரே ஸ்வீடனில் இருக்கிறது. ஹெல்சிங்கி பின்லாந்தின் தலைநகரம். டிக்கெட் எடுக்கும்போது எழுத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

வெயில் அடித்தாலும் காற்றைத் தடுக்கும் மேலங்கி ஒன்று கட்டாயம் வேண்டும். ஜூலையில்கூட ஃபெர்ரியின் மேல்தளத்தில் குளிர் காதை அறுக்கும். கோட்டையின் நிலவறையில் தரை மேடு பள்ளமாக இருக்கும், சில இடங்களில் ஈரமாகவும் இருக்கும். அதனால் பிடிப்புள்ள காலணி நல்லது. போனில் டார்ச் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். இரண்டும் ஷெங்கன் நாடுகள்தான் என்றாலும் எல்லையில் அடையாளம் கேட்பது உண்டு. டென்மார்க்கில் யூரோ இல்லை, டேனிஷ் குரோனர்தான். ஸ்வீடனின் குரோனா வேறு பணம். ஆனால் அட்டை இருந்தால் இரண்டு கரையிலும் ரொக்கம் இல்லாமலே சமாளித்துவிடலாம்.

கோட்டையும் கடல்சார் அருங்காட்சியகமும் குளிர்கால மாதங்களில் திங்கட்கிழமை மூடியிருப்பது வழக்கம். அவற்றின் இணையதளங்களில் நேரம் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். கோபன்ஹேகன் கார்டு என்ற சுற்றுலா அட்டை வாங்கியிருந்தால் ரயில், கோட்டை, அருங்காட்சியகம் மூன்றும் அதிலேயே அடங்கும். அந்த அட்டைக்குக் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பக் கிடைப்பது இந்த ஒரு நாளில்தான் என்பேன்.

ரயிலில்

கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்தில் இருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே போகும் பாதை இது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம். பாதையில் பராமரிப்பு வேலை நடந்தால் நேரங்கள் மாறும், எனவே ரைசபிளானன் என்ற பயணச் செயலியில் ஒருமுறை பாருங்கள். வண்டியில் வலது பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். வழியில் ஹும்லெபெக் நிலையத்தில் லூயிசியானா நவீனக் கலை அருங்காட்சியகம் வரும். பலர் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

ஹெல்சிங்கோர்தான் கடைசி நிலையம். 1891இல் கட்டிய அழகான செங்கல் கட்டடம். வாசலைத் தாண்டினால் எதிரே துறைமுகம்.

படி 1: தண்ணீர் முன்னால் கால் மணி நேரம்

கோட்டை கண்ணில் படும், கால்கள் தானாக அந்தப் பக்கம் திரும்பும். கொஞ்சம் பொறுங்கள். துறைமுகச் சுவர் ஓரம் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து அக்கரையைப் பாருங்கள். தெரிவது ஸ்வீடன். ஹெல்சிங்போர்க் ஊருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் சதுரக் கோபுரம் ஷேர்னன், அதுவும் ஒரு காலத்தில் டென்மார்க்குடைய கோட்டைதான். 1658இல் ரோஸ்கில்டே உடன்படிக்கையில் அந்தக் கரை கைவிட்டுப் போகும்வரை இரண்டு பக்கமும் ஒரே அரசரிடம் இருந்தது. நடுவே போகும் கப்பல் எங்கே தப்பும்?

சுங்கம் வாங்கிய விதத்தைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். கோட்டைக்கு எதிரே வந்ததும் கப்பல் பாயை இறக்கி, நங்கூரம் போட வேண்டும். நீண்ட காலம் இங்கே பெரிய கப்பல் ஒதுங்கச் சரியான துறைமுகம் இல்லை, கடலிலேயே நிற்கும். ஊர்ப் படகோட்டிகள் துடுப்புப் போட்டுப் போய்க் கப்பல் தலைவரைக் கரைக்கு அழைத்து வருவார்கள். அவர் காகிதங்களோடு சுங்கச் சாவடிக்குப் போவார். எழுத்தர் அவர் பெயர், சொந்த ஊர், எங்கிருந்து வருகிறார், என்ன சரக்கு, எவ்வளவு கட்டணம் என்று பேரேட்டில் எழுதுவார்.

தொடக்கத்தில் ஒரு கப்பலுக்கு இவ்வளவு தங்கக் காசு என்று கணக்கு. 1567இல் அதைச் சரக்குக்கு ஏற்ற வரியாக மாற்றினார்கள், வருமானம் பெருகியது. சரக்கின் மதிப்பைச் சொல்ல வேண்டியது கப்பல் தலைவர். குறைத்துச் சொன்னால்? அங்கேதான் ஒரு சூட்சுமம். சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ள அரசருக்கு உரிமை இருந்தது. குறைத்துச் சொன்னால் சரக்கு போய்விடும், கூட்டிச் சொன்னால் வரி ஏறும். உண்மையைச் சொல்வதுதான் லாபம். சோதனை போட ஆள் அனுப்பாமலே நேர்மையை வரவழைத்த இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

அந்தப் பேரேடுகள் அழியவில்லை. 1497 முதல் 1857 வரையிலான, இடையிடையே சில ஆண்டுகள் விடுபட்ட பதிவுகள் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஏறத்தாழ 18 லட்சம் கப்பல் கடப்புகள். இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். போவதற்கு முந்தைய நாள் இரவு அரை மணி நேரம் அதில் உலாவுங்கள். உப்பு, ரை தானியம், ஹெர்ரிங் மீன், கப்பலுக்கான தார், மரம் என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு பயணம் இருக்கிறது.

உட்கார்ந்திருக்கும்போதே போனில் கப்பல்களின் இடத்தைக் காட்டும் மரைன் டிராஃபிக் போன்ற செயலியைத் திறந்து, கண்ணெதிரே போகும் கப்பலைத் தொடுங்கள். பெயர், கொடி, போகும் துறைமுகம் எல்லாம் வரும். அன்றைய சுங்க எழுத்தர் கேட்டு எழுதிய அதே விவரங்கள்தான். மிகப்பெரிய எண்ணெய்க் கப்பல்கள் இங்கே தென்படாது. கோபன்ஹேகனுக்குத் தெற்கே இந்த நீரிணையின் ஆழம் 8 மீட்டர் அளவுதான், அதனால் அவை டென்மார்க்கின் தீவுகளுக்கு நடுவே உள்ள கிரேட் பெல்ட் என்ற இன்னொரு நீரிணை வழியாகச் சுற்றிப் போகின்றன.

படி 2: ஃபெர்ரியில் போய்த் திரும்புங்கள்

ஃபெர்ரி முனையம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. நடைப்பயணிகளுக்கான போகவர டிக்கெட் எடுங்கள். ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம். பகலில் அடிக்கடி வண்டி உண்டு, காத்திருக்க வேண்டியது கொஞ்ச நேரம்தான்.

ஏறியதும் மேல்தளத்துக்குப் போய்ப் பின்பக்கம் நின்றுகொள்ளுங்கள். கப்பல் துறைமுகத்தை விட்டு விலக விலகக் கோட்டை முழுவதுமாகத் திறக்கும். பச்சை பிடித்த செப்புக் கூரைகள், வெளிறிய மணற்கல் சுவர்கள், கடலைப் பார்த்து வரிசையாகப் பீரங்கிகள். கரையில் இருந்து பார்த்தால் அது அரண்மனை. தண்ணீரில் இருந்து பார்த்தால் அது ஓர் எச்சரிக்கை. பாய்க்கப்பல் தலைவர் ஒருவர் பார்த்திருக்கக்கூடிய முகம் இதுதான், இந்த ஒரு காட்சிக்காகவே ஃபெர்ரியை முதலில் வைத்தேன்.

டைக்கோ பிராஹே, அரோரா என்ற இரண்டு ஃபெர்ரிகள் 2018 முதல் முழுக்க மின்கலத்தில் ஓடுகின்றன. துறையைத் தொட்டதும் கோபுரத்தில் இருந்து ஓர் இயந்திரக் கை நீண்டு வந்து மின்னேற்றம் செய்யும். சில நிமிடம்தான், கவனித்தால் பார்க்கலாம். 1892இல் இருந்து 2000 வரை இதே வழியில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடத்தினார்கள். 2000இல் தெற்கே கோபன்ஹேகனையும் மால்மோவையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம் திறந்த பிறகு அந்த வேலை முடிந்தது.

ஸ்வீடன் பக்கத்து மக்களிடம் 'தூரா' என்று ஒரு பழக்கச் சொல் உண்டு. இறங்காமல் கப்பலிலேயே சாப்பிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டு இங்கும் அங்கும் போய் வருவதற்குப் பெயர் அது. நீங்களும் அப்படிச் செய்யலாம். அதற்கேற்ற டிக்கெட் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே கேளுங்கள். நேரம் இருந்தால் அக்கரையில் இறங்கி ஷேர்னன் கோபுரத்தடியில் இருந்து இந்தக் கரையைப் பார்ப்பதும் நல்ல அனுபவம்.

நடுவழியில் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1943 அக்டோபரில் நாஜிகள் டென்மார்க்கின் யூதர்களைப் பிடிக்க வந்தபோது, ஏறக்குறைய 7,000 பேர் இந்த நீரிணையின் பல இடங்களில் இருந்து மீன்பிடிப் படகுகளிலும் சிறு படகுகளிலும் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். ஹெல்சிங்கோரில் ஆட்களைக் கடத்திவிட்ட குழுவின் மறைபெயர் 'தையல் கழகம்'. ஊசி நூல் பேச்சு மாதிரி வெளியே தெரிய வேண்டும் என்று வைத்த பெயர். நாம் காபி குடித்துக்கொண்டே கடக்கும் இந்த 4 கிலோமீட்டரை அவர்கள் இருட்டில், ரோந்துப் படகுகளுக்குப் பயந்து கடந்தார்கள்.

படி 3: கப்பல் கட்டும் தளம்

திரும்பி இறங்கியதும் தண்ணீர் ஓரமாகவே கோட்டைப் பக்கம் நடங்கள். முழுத் தூரமும் கால் மணி நேர நடைதான். ஆனால் இடையில் நிற்க வேண்டிய இடங்கள் உண்டு.

1857இல் கோபன்ஹேகன் உடன்படிக்கையால் சுங்கம் ஒழிந்தது. வணிக நாடுகள் எல்லாம் சேர்ந்து டென்மார்க்குக்கு 3 கோடியே 35 லட்சம் ரிக்ஸ்டாலர் (அன்றைய டேனிஷ் பணம்) இழப்பீடு கொடுத்தன. அரசுக்குப் பணம் வந்தது. ஊருக்கோ பிழைப்பு போனது. கப்பல்கள் நிற்காமல் போக ஆரம்பித்தன. சாமான் விற்றவர்கள், படகோட்டிகள், வெளிநாட்டுத் தூதர்களின் எழுத்தர்கள் என்று எல்லோருக்கும் வேலை போயிற்று. 1882இல் தொடங்கிய கப்பல் கட்டும் தளம்தான் ஊரை மறுபடி நிமிர்த்தியது. அதுவும் நூறாண்டு ஓடி 1983இல் மூடிவிட்டது. ஒரே ஊர் கடலை நம்பி இரண்டு முறை எழுந்து இரண்டு முறை விழுந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு இந்தப் பழைய தொழிற்கூடங்களைப் பார்த்தால் செங்கல் சுவருக்கே வேறு கனம் வந்துவிடும்.

அந்தத் தளத்தின் கட்டடம் ஒன்றை 2010இல் கண்ணாடி முகப்போடு பண்பாட்டு மையமாக மாற்றினார்கள். டேனிஷ் மொழியில் குல்டூர்வெர்ஃப்டெட். உள்ளே ஊரின் பொது நூலகம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போகலாம். கழிப்பறை, உட்கார இடம், ஜன்னலுக்கு வெளியே துறைமுகம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

எதிரே துறைமுக மேடையில் ஒரு பாறைமேல் பளபளக்கும் எஃகு இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். பெயர் 'ஹான்', டேனிஷில் 'அவன்' என்று பொருள். எல்ம்க்ரீன், டிராக்செட் என்ற இரு கலைஞர்கள் செய்து 2012இல் வைத்தது. கோபன்ஹேகன் கடற்கன்னிச் சிலைக்கு ஆண் ஜோடி. மணிக்கு ஒருமுறை கண் சிமிட்டுவான், அதுவும் ஒரு நொடிக்குள். குழந்தைகள் இமைக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

படி 4: நிலத்துக்கடியில் ஒரு கப்பல்

இந்த நாளின் முக்கியமான இரண்டு மணி நேரம் இதுதான். கடல்சார் அருங்காட்சியகத்தைத் தேடினால் கட்டடம் எதுவும் தெரியாது. தரையில் ஒரு பெரிய பள்ளம்தான் தெரியும். கப்பலை உள்ளே விட்டு நீரை இறைத்துப் பழுது பார்க்கும் பழைய உலர்துறை அது. 150 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 9 மீட்டர் ஆழம். குரோன்போர்க் கோட்டை 2000இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்துவிட்டதால், அதன் பார்வையை மறைத்து எதுவும் எழும்பக் கூடாது. சரி, பள்ளத்துக்குள்ளேயே கட்டிவிடலாம் என்பதுதான் எளிதாகத் தோன்றும் வழி. கட்டடக்கலைஞர் பியார்க் இங்கெல்ஸின் நிறுவனம் அப்படிச் செய்யவில்லை. பள்ளத்தை வெறுமையாக, வானம் பார்க்க விட்டுவிட்டு, சுவர்களுக்கு வெளிப்பக்கமாக நிலத்துக்கடியில் கூடங்களைக் கட்டினார்கள். பள்ளத்தின் குறுக்கே சரிந்து இறங்கும் பாலங்கள். 2013இல் திறந்தது.

உள்ளே போகும் முன் துறையின் விளிம்பில் இருக்கும் இருக்கைகளைப் பாருங்கள். கப்பலைக் கட்டும் முளைக்கம்பங்களின் வடிவில், சில குட்டையாகவும் சில நீளமாகவும் இருக்கும். அது மோர்ஸ் தந்திக் குறி. என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். டிக்கெட் வாங்கிய பிறகு உலர்துறையின் அடித்தளத்துக்கும் இறங்கி நில்லுங்கள். தலைக்கு மேல் 9 மீட்டர் கான்கிரீட் சுவர். இங்கே ஒரு கப்பலின் அடிவயிற்றைத் தட்டிக்கொண்டு மனிதர்கள் நின்றார்கள்.

கூடங்களில் மாலுமிகளின் வாழ்க்கை, திசை காணும் கருவிகள், போர்க்கால வணிகக் கப்பல்கள், இன்றைய கன்டெய்னர் போக்குவரத்து எல்லாம் உண்டு. தமிழர்கள் நேரம் கொடுக்க வேண்டியது 18ஆம் நூற்றாண்டின் ஆசிய வணிகத்தைச் சொல்லும் பகுதிக்கு. தேயிலை, பட்டு, பருத்தித் துணி. அங்கே 'ட்ராங்கேபார்' என்ற பெயரைத் தேடுங்கள். அது நம் தரங்கம்பாடி.

இந்தத் தொடர்பு மேலோட்டமானது அல்ல. நான்காம் கிறிஸ்டியன் அரசர் 1618இல் ஓவே கேட்டே என்ற இளைஞரின் தலைமையில் கிழக்கே கப்பல்களை அனுப்பினார். அதற்கு முன்னோடியாகப் போன சிறு கப்பலின் பெயர் என்ன தெரியுமா? ஓரெசுண்ட். காலையில் நீங்கள் கடந்த அதே நீரின் பெயர். அந்தக் கப்பலைச் சோழமண்டலக் கரையில் போர்த்துகீசியர் மூழ்கடித்தார்கள். தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பேயும் 13 பேரும் தஞ்சை நாயக்கரிடம் கொண்டுபோகப்பட்டார்கள். பேச்சுவார்த்தை அங்கிருந்து தொடங்கி, 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஆனது. தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் டேனிஷ் அரசருக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சுங்கப் பேரேடுகள் இருக்கும் அதே காப்பகம். 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ஊர்க் கடற்கரையில் அந்தக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த யாராவது இதைப் படித்தால், கதையின் மறுமுனை இங்கே இருக்கிறது, ஒருமுறை வாருங்கள்.

இதே வணிகத்தின் கொடிய பக்கத்தையும் தாண்டிப் போகாதீர்கள். டேனிஷ் கப்பல்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அட்லாண்டிக் கடலைக் கடக்க வைத்தன. கரீபியன் தீவுகளின் சர்க்கரை அவர்கள் உழைப்பில் வந்தது. தேநீர்க் கோப்பைகளின் அழகில் மயங்கி அந்தப் பலகைகளைப் படிக்காமல் நகர்வது நியாயம் இல்லை.

படி 5: இப்போது கோட்டை

அருங்காட்சியகத்தில் இருந்து சில நிமிட நடை. வெளிக்கொத்தளங்களில் நடக்கக் கட்டணம் இல்லை. எனவே முதலில் அகழியைச் சுற்றிக் கடல் பக்கம் போங்கள். ஸ்வீடனைப் பார்த்து நிற்கும் பீரங்கி வரிசை அங்கேதான். அரச குடும்பத்தின் விசேஷ நாட்களில் இன்றும் இங்கிருந்து மரியாதை வேட்டு போடுகிறார்கள். கோட்டைக் கோபுரம் ஒன்றில் கலங்கரை விளக்கும் உண்டு. பயமுறுத்திய அதே கோட்டை வழியும் காட்டியது.

கதை சுருக்கமாக: 1420களில் எரிக் அரசர் இங்கே க்ரோகன் என்ற கோட்டையைக் கட்டினார். 1574 முதல் 1585 வரை இரண்டாம் ஃபிரெடரிக் அதைச் சுங்கப் பணத்தில் மறுமலர்ச்சிக்கால அரண்மனையாக மாற்றிக் குரோன்போர்க் என்று பெயர் வைத்தார். 1629இல் தீப்பிடித்து, சிற்றாலயம் தவிர ஏறக்குறைய எல்லாம் எரிந்தது. மறுபடி கட்டியவர் நான்காம் கிறிஸ்டியன், தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய அதே அரசர். செலவுக்கு என்ன செய்தார்? சுங்கத்தை உயர்த்தினார். 1658இல் ஸ்வீடன் படை கோட்டையைப் பிடித்துக் கொள்ளையடித்தது. 1785 முதல் 1922 வரை படைவீரர் குடியிருப்பாக இருந்தது. அறைகள் இன்று கொஞ்சம் வெறுமையாகத் தெரிவதற்கு இவைதான் காரணங்கள். ஏமாற வேண்டாம்.

உள்ளே மூன்று இடங்களை மட்டும் விடாதீர்கள். 62 மீட்டர் நீளமான நடனக்கூடம் ஒன்று. பீரங்கிக் கோபுரம் இன்னொன்று. 145 படிகள், மேலே நின்றால் நீரிணை முழுதும் வரைபடம் விரித்தாற்போல் தெரியும். மூட்டு வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம். மூன்றாவது, நிலவறை. தாழ்ந்த கூரை, ஈரக் காற்று, மங்கிய விளக்கு. முற்றுகைக் காலத்தில் வீரர்கள் இங்கே அடைந்து கிடந்தார்கள். அங்கே கைகட்டித் தலை கவிழ்ந்து சிலையாகத் தூங்குகிறார் பழங்கதை வீரர் ஹோல்கர் டான்ஸ்கே. நாட்டுக்கு ஆபத்து வந்தால் எழுந்து வருவார் என்பது டேனிஷ் மக்களின் நம்பிக்கைக் கதை. சிலையின் மூலத்தைச் சிற்பி பெடர்சன் டான் 1907இல் செய்தார். சின்னக் குழந்தைகள் இருட்டில் பயப்படுவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஊருக்குள்

பலர் தவறவிடும் பகுதி இது. கோட்டையில் இருந்து திரும்பும்போது ரயில் நிலையத்துக்கு நேரே போகாமல் ஸ்டேன்கேட, அதாவது கல்தெருவுக்குள் நுழையுங்கள். வாகனம் இல்லாத கடைத்தெரு. கடைப்பலகைகளுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள், பழைய வணிகர் வீடுகளின் முகப்பு தெரியும். கட்டணம் கட்டவும் காற்று திரும்பவும் காத்திருந்த மாலுமிகள் செலவு செய்த ஊர் இது. டச்சுக்காரர், ஜெர்மானியர், ஸ்காட்லாந்துக்காரர் என்று பலர் இங்கேயே குடியேறினார்கள்.

அருகே கார்மலைட் துறவிகளின் பழைய மடம். 1430இல் நிறுவியது, ஸ்காண்டினேவியாவில் நன்றாகப் பிழைத்து நிற்கும் இடைக்கால மடங்களில் ஒன்று. அதன் மரியாள் ஆலயத்தில் 1660 முதல் 1668 வரை ஆர்கன் வாசித்தவர் இசைமேதை பக்ஸ்டெஹூட. மடத்தை ஒட்டிய கார்மலைட் இல்லம் 1516இல் வெளிநாட்டு மாலுமிகளுக்கான மருத்துவமனையாகக் கட்டியது. மொழி தெரியாத ஊரில், காய்ச்சலோடு, கப்பல் தன்னை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தோடு அங்கே படுத்திருந்தவர்களை நினைத்தால், புதிய நாட்டில் முதல்முறை மருத்துவரைப் பார்க்கப் போன நாள் எனக்கு ஞாபகம் வரும். கோட்டையின் பகட்டைவிட இந்தச் செங்கல் வீடு என் மனதுக்கு நெருக்கம்.

சாப்பாடு

ஊறவைத்த ஹெர்ரிங் மீனைக் கறுப்பு ரை ரொட்டிமேல் வைத்துத் தரும் ஸ்மோர்ப்ரோட் ஒன்றாவது சுவைத்துப் பாருங்கள். புளிப்பும் இனிப்புமாக இருக்கும், முதல் வாய்க்குப் பழகாது, இரண்டாவது வாயில் பிடித்துவிடும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உருளைக்கிழங்கு வைத்த ரொட்டி கேட்கலாம், மேலே பன்றி இறைச்சித் தூள் போடாமல் தரச் சொல்லுங்கள். உணவகங்களில் விலை அதிகம். வீட்டில் இருந்து புளிச்சோறோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வந்து துறைமுகத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கடற்பறவைகள் மட்டும் கையில் இருந்தே பிடுங்கும், கவனம்.

நேரம் குறைவாக இருந்தால்

அரை நாள்தான் என்றால் ஃபெர்ரி, அருங்காட்சியகம், கோட்டையின் வெளிக்கொத்தளம். கோட்டை உள்பகுதியை அடுத்த முறைக்கு விடுங்கள். பலத்த மழை என்றால் அருங்காட்சியகத்தையும் நூலகத்தையும் முதலில் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் நாலு, நாலரை மணி வாக்கிலேயே இருட்டிவிடும், ஆகவே காலை ஒன்பது மணிக்கே ரயிலில் இருங்கள்.

கோடையில் அவசரம் வேண்டாம். இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், ரயில்களும் நள்ளிரவு வரை உண்டு. மாலையில் துறைமுகச் சுவருக்கே திரும்பி வாருங்கள். அக்கரையில் ஒவ்வொன்றாக விளக்கு எரியும், நடுவே ஏதாவது ஒரு சரக்குக் கப்பல் நிற்காமல் வடக்கே போய்க்கொண்டிருக்கும். திரும்பும் ரயிலில் இடது பக்கம் உட்காருங்கள்.